விளிம்பில் நிற்கும் அணுக்கள்

(செங்கல்பட்டில் பொதுமக்களுக்காக நிகழ்த்திய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்துக்குக் கார் புதிதல்ல. மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனம் 1999-இல் ஐகான் காரைக் கொண்டுவந்தது. 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஆலை 2007-இல் திறக்கப்பட்டது. இந்தக் கார்களின் என்ஜினைப் பற்றியும் ஏ.சி.யைப் பற்றியும் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். புகைக்குழாயின் நடுவே பொருத்தியிருக்கும் எஃகு டப்பாவைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அதற்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று பெயர். இன்று அதைத் திறந்து பார்ப்போம்.

உள்ளே ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அதன் நீளவாக்கில் சின்னச் சின்னத் துளைகள் ஓடும். ஒரு சதுர அங்குலத்துக்கு 400 துளை என்பது வழக்கமான கணக்கு. துளைச் சுவர்களில் அலுமினாப் பூச்சு, அந்தப் பூச்சின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற உலோகங்களின் துகள்கள். மூன்றையும் சுரண்டி எடுத்து எடை போட்டால் சில கிராம்தான் தேறும். அந்தச் சில கிராம்தான் பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பெட்ரோல் காரிலும் மூன்று வேலைகளைச் செய்கிறது. கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக்குகிறது. எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியை எரித்து முடிக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை உடைத்துச் சாதாரண நைட்ரஜனாக வெளியே விடுகிறது.

சில கிராம் எப்படிப் போதும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் பிளாட்டினத்தைக் கனசதுரமாக வார்த்தால் பக்கம் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதன் ஆறு முகங்களின் பரப்பையும் கூட்டினால் ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அதே ஒரு கிராமை 3 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால் மொத்தப் பரப்பு சுமார் 93 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் சதுர அடி. கூடுவாஞ்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு அந்த அளவில் கிடைக்கும். வாயு மூலக்கூறு உலோகத்தின் உள்ளே போவதில்லை, பரப்பில்தான் இறங்குகிறது. ஆகவே பரப்பைப் பெருக்கினால் வேலை பெருகும். பள்ளிப் பாடப்புத்தகம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும்.

நிறுத்தக் கூடாத இடம் அது. ஒரே உலோகத்தில், ஒரே அளவு பரப்பை இரண்டு விதமாக அமைத்துவைத்தால் வினைவேகம் நூறு மடங்கு மாறக்கூடும், சில வினைகளில் கோடி மடங்கும் மாறும். நான் சொல்ல வந்ததே இதுதான். எத்தனை அணு வெளியே தெரிகிறது என்பதோடு, அந்த அணு எந்த இடத்தில், எத்தனை அண்டை அணுக்களோடு நிற்கிறது என்பதும் கணக்கில் வரும்.

இதை விளக்க வகுப்பறைகளில் பந்துகளை அடுக்கிக் காட்டுவார்கள். நமக்கு அது வேண்டாம், மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கிறது. ஐந்து ரதங்களில் தென்கோடியில் நிற்கும் தருமராஜ ரதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாறையில் செதுக்கிய அந்த விமானம் தளம் தளமாகச் சுருங்கி மேலே போகிறது. ஒவ்வொரு நிலையிலும் சமதளம் உண்டு, தளம் முடிகிற இடத்தில் விளிம்பு உண்டு, இரண்டு விளிம்புகள் கூடுகிற இடத்தில் மூலை உண்டு. அந்த மூலைக்கென்று தனியாகக் கர்ணகூடு என்ற சிறு விமான வடிவத்தை வைத்திருக்கிறான் சிற்பி. உலோகப் படிகத்தின் பரப்பும் அணு அளவில் இப்படித்தான் இருக்கிறது. கண்ணாடி போல் மெருகேற்றிய பிளாட்டினத் தகட்டிலும் தளங்கள் உண்டு, ஓரணு உயரப் படிகள் உண்டு, படிகளில் மூலைகள் உண்டு.

பிளாட்டினத்தின் உள்ளே இருக்கும் ஓர் அணுவைச் சுற்றி 12 அணுக்கள் தொட்டுக்கொண்டு நிற்கும். மிக நெருக்கமாக அடுக்கிய சமதளத்தில் இருக்கும் அணுவுக்கு அண்டை அணுக்கள் 9. படி விளிம்பில் இருப்பதற்கு 7. மூலையில் இருப்பதற்கு 6. அண்டை குறையக் குறைய அந்த அணுவின் பிணைக்கும் திறனில் செலவாகாத பங்கு கூடுகிறது. கடந்து போகும் மூலக்கூறைப் பிடித்து இழுத்து அதன் பிணைப்பை நீட்டி உடைப்பதற்கு அந்தப் பங்கு பயன்படுகிறது. படியின் அடிவாரத்தில் இன்னொரு வசதியும் உண்டு: மேல்தட்டு அணுக்களும் கீழ்த்தட்டு அணுக்களும் சேர்ந்து ஒரே மூலக்கூறை இரண்டு பக்கமும் பற்றிக்கொள்ளலாம். சமதளத்தில் அதற்கு வழியில்லை.

ஒரு வினையூக்கியின், அதாவது தான் தீராமல் வினையை விரைவுபடுத்தும் பொருளின், பரப்பு முழுவதும் ஒரேபோல் வேலை செய்வதில்லை, அதில் சில இடங்கள் மட்டுமே உழைக்கின்றன என்று ஹ்யூ டெய்லர் என்ற வேதியியலாளர் 1925-இலேயே எழுதிவிட்டார். அந்த இடங்களைக் கண்ணால் பார்க்க அவருக்கு வழியில்லை. ஒற்றைப் படிகங்களை வேண்டிய கோணத்தில் வெட்டவும், காற்றின் மூலக்கூறுகள் உடனே வந்து ஒட்டாத அளவுக்கு வெற்றிடத்தை உண்டாக்கவும் மனிதர்கள் கற்றுக்கொள்ள இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அந்தத் துறையை வளர்த்த ஜெர்மானியர் கெர்ஹார்ட் எர்ட்லுக்கு 2007-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் பயிர் வைக்கிறவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். வயலில் தூவுகிற யூரியாவுக்கு மூலம் அம்மோனியா. அம்மோனியா ஆலை நம் மாவட்டத்தில் இல்லை, வடக்கே மணலியில் 1966-இல் பதிவான மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனத்தில் இருக்கிறது. அங்கேயும் உலகத்தின் மற்ற அம்மோனியா ஆலைகளிலும் வழிவழியாகப் பயன்படுவது இரும்பு வினையூக்கி. கொஞ்சம் அலுமினா, கொஞ்சம் பொட்டாசியம் கலந்த இரும்பு. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷும் அவருடைய குழுவினரும் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து அந்தச் செய்முறையைக் கண்டெடுத்தார்கள், முதல் ஆலை 1913-இல் ஓடத் தொடங்கியது. ஏன் அந்தக் கலவை வேலை செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. தொழிலில் இது ஒன்றும் அதிசயமில்லை, சோறு வெந்த பிறகு காரணம் தேடலாம் என்பதுதான் அங்கே நடைமுறை.

காரணத்தின் ஒரு பாதி 1982-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வெளிவந்தது. காபோர் சொமோர்ஜாயும் உடன் ஆய்வாளர்களும் தூய இரும்புப் படிகத்தை மூன்று கோணங்களில் வெட்டினார்கள். படிகவியலார் அந்த முகங்களை 111, 100, 110 என்று எண்ணால் குறிப்பார்கள். மூன்றையும் 20 வளிமண்டல அழுத்தத்தில், சுமார் 525 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து அம்மோனியா உண்டாகும் வேகத்தை அளந்தார்கள். அணுக்கள் மிக நெருங்கி அடுக்கியிருக்கும் 110 முகத்தின் வேகத்தை 1 என்று வைத்தால், 100 முகத்துக்கு 25, 111 முகத்துக்கு 418. மூன்றும் அதே இரும்பு. அதே நைட்ரஜன், அதே ஹைட்ரஜன், அதே சூடு. 111 முகம் இடைவெளி விட்டு அமைந்தது, மேலிருந்து பார்த்தால் கீழடுக்கு அணுக்களும் தெரியும். அந்தக் கீழடுக்கு அணுக்களில் ஏழு அண்டைகளோடு நிற்பவைதான் நைட்ரஜனை உடைக்கின்றன என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சூடாகும்போது இரும்பு இந்தத் திறந்த அமைப்பை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அலுமினாவின் வேலை. மிட்டாஷ் கைப்பக்குவத்தில் சேர்த்த பொடிக்கு எழுபது ஆண்டுகள் கழித்துக் காரணம் கிடைத்தது.

இதைவிடக் கூர்மையான ஒரு சோதனை 1999-இல் டென்மார்க்கில் நடந்தது. இம்முறை உலோகம் ருத்தேனியம். கூடிய மட்டும் சமதளமாக வெட்டிய படிகம் அது, அதன் பரப்பில் படிகளின் பங்கு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதன்மேல் மிகச் சிறிதளவு தங்கத்தை ஆவியாக்கிப் படியவைத்தார்கள். தங்க அணுக்கள் ஊர்ந்து போய்ப் படி விளிம்புகளில் உட்கார்ந்துகொண்டன. தளம் முழுவதும் திறந்தே இருந்தது, ஆனாலும் நைட்ரஜன் உடைவது நின்றுபோயிற்று. கணக்கிட்டுப் பார்த்தபோது, 227 டிகிரி வெப்பத்தில், படியில் உடையும் வாய்ப்பு தளத்தில் உடைவதைவிடக் குறைந்தது நூறு கோடி மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதாவது நூற்றில் 99 பங்குக்கு மேற்பட்ட பரப்பு சும்மா படுத்திருந்தது. பரப்பின் சராசரியைப் பற்றிப் பேசுவதே இந்த வினையைப் பொறுத்தவரை வீண்பேச்சு.

இதைக் கேட்டுவிட்டு, எல்லா வினையும் விளிம்பில்தான் நடக்கும் என்று மாணவர்கள் எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். அது தவறு. மிஷெல் பூடார் என்ற அறிஞர் வினைகளை இரண்டாகப் பிரித்தார்: பரப்பின் அமைப்பைப் பொருட்படுத்துபவை, பொருட்படுத்தாதவை. இதற்கு அழகான சான்று நாம் பேசிக்கொண்டிருக்கும் காரிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தாரும் அரசு ஆய்வகத்தாரும் சேர்ந்து 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பக்கம் ரோடியத்தின் ஒற்றைப் படிகம், மறுபக்கம் கன்வெர்ட்டரில் இருப்பதுபோல் அலுமினா மேல் தூவிய ரோடியத் துகள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோடு சேரும் வினையில், பரப்பிலுள்ள ஓர் அணுவுக்கு இத்தனை மூலக்கூறு என்று கணக்கிட்டால் இரண்டிலும் வேகம் ஒன்றுபோலவே இருந்தது. அதே கார்பன் மோனாக்சைடை நைட்ரஜன் ஆக்சைடுகளில் ஒன்றான நைட்ரிக் ஆக்சைடோடு சேர்த்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை, வேகம் வெகுவாக வேறுபட்டது.

வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்றால், வினையில் கடினமான கட்டம் எது என்பதிலிருந்து. நைட்ரஜனும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த மூலக்கூறை உடைத்தாக வேண்டும் என்றால் இடம் பார்த்துத்தான் உடைக்க முடியும். பிளாட்டினத்தின் நெருங்கிய சமதளத்தில் நைட்ரிக் ஆக்சைடு ஏறக்குறைய உடையாமலே திரும்பிப் போய்விடும். படிகள் நிறைந்த 410 என்ற முகத்தில் அது எளிதாக உடைகிறது. விலை எத்தனை உயர்ந்தாலும் கார் உற்பத்தியாளர்கள் ரோடியத்தை விடாமல் வாங்குவதற்குக் காரணமும் இந்த உடைக்கும் வேலைதான்.

கார்பன் மோனாக்சைடுக்குச் சிக்கல் வேறு. அது குளிர்ந்த உலோகத்தின் மேல் கூட்டமாக வந்து இடம் பிடித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறு இறங்கிப் பிளவுபட அடுத்தடுத்து இரண்டு காலியிடம் வேண்டும். அது கிடைப்பதில்லை. இர்விங் லாங்மூர் 1922-இலேயே பிளாட்டினத்தில் இதைக் கண்டு சொன்னார். சூடு ஏற ஏறக் கார்பன் மோனாக்சைடு கிளம்புகிறது, இடம் காலியாகிறது, வினை திடீரென்று பற்றிக்கொள்கிறது. கன்வெர்ட்டருக்கு அந்தச் சூடு ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி. காலையில் வண்டியைக் கிளப்பிய முதல் ஓரிரு நிமிடங்களில் அது வேலை செய்யாமல் இருப்பது இதனால்தான். அந்த நேரத்துப் புகை வடிகட்டாமல் தெருவுக்கு வருகிறது. குழந்தை பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி கடற்கரைப் பக்கம் போவோம். மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு அலகுகளும் கனநீர் உலைகள், 1984-இலும் 1986-இலும் வணிக உற்பத்திக்கு வந்தவை. கதிர்வீச்சு படும்போது கனநீரில் கொஞ்சம் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். நீரின் மேல் நிரப்பியிருக்கும் ஹீலியத்தில் இவை கலந்து சேர்ந்துகொண்டே போனால் வெடிக்கும் கலவையாகும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டைத் தாண்டினாலே தீப்பற்றக்கூடும். ஆகவே இவ்வகை உலைகளில் அந்த வாயுவைச் சுற்றவிட்டுப் பல்லேடியம் வினையூக்கியின் மேல் செலுத்தி மீண்டும் கனநீராக்குகிறார்கள். ஆபத்தும் போகிறது, விலையுயர்ந்த கனநீரும் திரும்பக் கிடைக்கிறது.

இந்த வினையில் ஹைட்ரஜனை உடைப்பது பல்லேடியத்துக்குப் பெரிய வேலையே இல்லை. தளத்திலும் உடையும், படியிலும் உடையும். இங்கே இடையூறு வேறொரு வடிவில் வருகிறது: விளைபொருளே நீர். அது பரப்பின் மேல் படலமாகத் தங்கிவிட்டால் அடுத்த மூலக்கூறுக்கு வழியில்லை. வினையூக்கியை ஈரமில்லாமல் வைத்திருப்பதுதான் பாதி வேலை. 2011-இல் ஃபுகுஷிமாவில் உலைக் கட்டடங்கள் ஹைட்ரஜனால் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். மின்சாரம் இல்லாமலே, ஹைட்ரஜன் வந்து பட்டதும் தானே இயங்கும் வினையூக்கித் தகடுகளின் மதிப்பு அதற்குப் பிறகு உலகெங்கும் உயர்ந்தது.

தங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் தமிழ்நாட்டில் சொற்பொழிவு நிறைவு பெறாது. நகைத் தங்கம் எதோடும் எளிதில் சேராது, அதனால்தான் பாட்டியின் சங்கிலி பேத்திக்கு வரும்போதும் மின்னுகிறது. ஜப்பானியர் மசாடகே ஹருடா 1987-இல் அந்தத் தங்கத்தைச் சில நானோமீட்டர் துகள்களாக்கி ஆக்சைடுகளின் மேல் பதித்தார். சுழியத்துக்குக் கீழே 70 டிகிரி குளிரில்கூட அது கார்பன் மோனாக்சைடை எரித்தது. துகள் 5 நானோமீட்டருக்கு மேல் பருத்தால் அந்தத் திறன் விரைவாக மங்குகிறது. விளிம்பில் அண்டை குறைந்து நிற்கும் தங்க அணுக்களும், துகளும் ஆக்சைடும் தொட்டுக்கொள்ளும் ஓரமும் இதற்குக் காரணம் என்கிறார்கள். இரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

துகள் சிறுத்தால் எப்போதும் நல்லதா என்றால், அதுவும் இல்லை. ருத்தேனியத்தில் நைட்ரஜனை உடைக்கும் படியிடம் ஐந்து அணுக்கள் சேர்ந்து அமைவது. துகள் மிகவும் சிறுத்துவிட்டால் அந்த ஐந்தும் ஒழுங்காகக் கூடி நிற்க இடமிருக்காது. இரண்டு நானோமீட்டரை ஒட்டிய அளவில்தான் அத்தகைய இடங்கள் மிகுதி. இப்படி ஒவ்வொரு வினைக்கும் ஏற்ற அளவைத் தேடுவதில்தான் வினையூக்க ஆய்வாளரின் ஆயுளில் பெரும்பகுதி கழிகிறது. நம் சென்னை ஐ.ஐ.டி.யில் தேசிய வினையூக்க ஆய்வு மையம் 2006 முதல் இயங்கிவருகிறது. இத்துறையில் சேர விரும்பும் மாணவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

இதுவரை பரப்பு அசையாமல் இருப்பதுபோல் பேசிவிட்டேன். அது உண்மையில் நெளிந்துகொண்டே இருக்கிறது. பிளாட்டினத்தின் 100 முகத்தைச் சுத்தம் செய்து தனியே விட்டால், மேலடுக்கு அணுக்கள் தாமாகவே நெருங்கி அறுகோண அமைப்புக்கு மாறிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு வந்து ஒட்டினால் பழைய சதுர அமைப்புக்குத் திரும்பும். அறுகோணப் பரப்பில் ஆக்சிஜன் ஒட்டுவது அரிது, சதுரப் பரப்பில் எளிது. ஆகவே ஆக்சிஜன் ஒட்டும், வினை எரியும், கார்பன் மோனாக்சைடு தீரும், பரப்பு மீண்டும் மாறும், வினை படுத்துவிடும், பிறகு எழும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு எர்ட்லின் குழு காரணம் கண்டது. பிளாட்டினத்தின் இன்னொரு முகத்தில் இது சுருள் சுருளான அலைகளாகப் பரவுவதைப் படமும் எடுத்துக் காட்டியது. வேதியியலில் நான் பார்த்த படங்களில் இவற்றுக்கு ஈடு கிடையாது.

இந்த நெளிவுதான் முற்றினால் வினையூக்கிக்குச் சாவு. 800, 900 டிகிரிக்கு மேல் துகள்கள் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கின்றன. 3 நானோமீட்டர் துகள்கள் 30 நானோமீட்டராகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் துகளும் ஒரே வடிவம் என்றால் பரப்பணுக்கள் பத்தில் ஒன்றாகும். விளிம்பணுக்கள் நூற்றில் ஒன்றாகும். மூலையணுக்கள் ஆயிரத்தில் ஒன்றாகும். உலோகம் ஒரு மில்லிகிராம்கூடக் குறையவில்லை. பழைய கன்வெர்ட்டரை எடைக்கு வாங்குகிறவர் முழு விலைதான் கொடுப்பார், ஆனால் புகை சுத்தமாவது நின்றிருக்கும். நைட்ரஜன் ஆக்சைடுக்குப் பாதிப்பு அதிகம் என்பதை முன்னே சொன்னதிலிருந்து நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

இரண்டாவது சாவு நஞ்சால் வருவது. இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் அந்த நகரங்களுக்கு வந்தது. என்ஜின் தட்டாமல் ஓடுவதற்காக அதுவரை பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்துவந்தார்கள். எரிந்த ஈயம் புகையோடு வந்து உலோகப் பரப்பில் படிந்து, கலந்து, இடங்களை நிரந்தரமாக மூடிவிடும். ஓரணு கனத்துக்குப் படிந்தாலே போதும். நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் சென்னைக் காரை எடுத்துக்கொண்டு தொலைதூரப் பயணம் போய், கிடைத்த பங்க்கில் டேங்க்கை நிரப்பியவர்கள் கன்வெர்ட்டரைக் கொன்றுகொண்டே ஊர் சுற்றினார்கள். கருவியைக் கட்டாயமாக்கிவிட்டு அதற்கேற்ற எரிபொருளை ஐந்து ஆண்டு தாமதமாகக் கொடுத்த அந்த ஏற்பாட்டை நான் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லமாட்டேன். இன்னொரு நஞ்சான கந்தகத்தின் விஷயத்தில் பிற்காலத்தில் பாடம் படித்திருந்தார்கள். 50 பி.பி.எம். ஆக இருந்த கந்தக அளவைப் பாரத் ஸ்டேஜ் ஆறாம் விதி 10 ஆகக் குறைத்தபோது, 2020 ஏப்ரல் 1 அன்று வண்டிகள் மாறிய நாளிலேயே நாடெங்கும் அதற்கேற்ற எரிபொருளும் தயாராக இருந்தது.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று சொல்லி, கன்வெர்ட்டரை வெட்டி எடுத்துவிட்டு நேர் குழாய் வைக்கலாம் என்று யோசனை சொல்லும் பட்டறைகள் உண்டு. சம்மதிக்காதீர்கள். இன்னொன்று, அதைவிட அன்றாடம் நடப்பது: ப்ளக் சரியில்லாமல் என்ஜின் விட்டுவிட்டு அடிக்கும்போது எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது, சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டுகிறது, நாம் பேசிய விளிம்புகளெல்லாம் சிறிது நேரத்தில் ஒன்றாகச் சேர்ந்து மழுங்கிவிடுகின்றன. டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு மினுக்கத் தொடங்கினால் ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். அங்கேயே ஓரங்கட்டுங்கள். ப்ளக் மாற்றச் சில நூறு ரூபாய் ஆகும், கன்வெர்ட்டர் மாற்றப் பல ஆயிரம் ஆகும்.